அழுக்கு ஏறிய தந்தி

தந்தி வாத்தியம் வாசிக்கிறவர்கள் கச்சேரி முடிந்ததும் வாத்தியத்தைத் துணியால் துடைத்து உறையில் போடுவார்கள். தந்தி மங்கிவிட்டால் புதிது மாற்றுவார்கள். ஜேம்ஸ் ஜேமர்ஸன் என்ற அமெரிக்க வித்வான் இந்த இரண்டு காரியத்தையும் செய்யமாட்டார். அறுந்தாலொழியத் தந்தியை மாற்றுவதில்லை என்பது அவருடைய விரதம். அழுக்கு இருக்கிற வரையில்தான் நாதத்தில் ரசம் இருக்கும் என்பது அவருடைய கட்சி.

சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு சாக்கா என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஆனால் 1960-களில் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் ஆட்டி வைத்த எத்தனையோ பாட்டுக்களின் அடியில் ஓடுகிற நாதம், அந்த அழுக்குத் தந்தியில் பிறந்தது என்று அறிந்ததும் என் சிரிப்பு அடங்கிவிட்டது. விஷயத்தைக் கொஞ்சம் விசாரித்தேன்.

அவர் வாசித்தது பேஸ் கிதார். சாதாரணக் கிதாரைவிட நீளமானது, நான்கே தந்திகள், நான்கும் தடித்தவை. எல்லாவற்றிலும் தடித்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 தடவைதான் அதிர்கிறது. மனிதக் காது கேட்கக்கூடிய ஓசையின் அடித்தட்டுக்கு அது மிகவும் சமீபம். முன்பெல்லாம் இந்த வேலையை ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய பிடில் ஒன்று செய்துகொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும் பாடு. 1951-ல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர் மெட்டுக்கள் வைத்து, மின்சாரம் சேர்த்து, தோளில் மாட்டிக்கொள்ளும்படி ஒரு பேஸ் கிதாரைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

வாத்தியம் புதிதே தவிர, தந்தியின் கதை பழையது. ஆதியில் ஆட்டுக் குடலை முறுக்கிக் காயவைத்த நரம்பைத்தான் கட்டினார்கள். கீழ் ஸ்வரம் வேண்டுமானால் நரம்பு கனமாக இருக்க வேண்டும். கனத்துக்காகத் தடிமனாக்கினாலோ, நரம்பு விறைத்துக்கொண்டு சரியாக அதிர மறுக்கும். பதினேழாம் நூற்றாண்டில் யாரோ ஒரு புத்திசாலி, மெல்லிய நரம்பின்மேல் உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிப் பார்த்தான். கனம் ஏறியது, விறைப்பு ஏறவில்லை. லண்டனில் ஜான் பிளேஃபோர்டு 1664-ல் வெளியிட்ட சங்கீதப் புத்தகத்தில் இந்தப் புதுச் சரக்குக்கு விளம்பரமே இருக்கிறது. இன்றைய பேஸ் தந்தியும் அதே யுக்திதான். உள்ளே குடலுக்குப் பதில் எஃகு. மேலே எஃகு அல்லது நிக்கல் கம்பிச் சுற்று.

அந்தச் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே உள்ள மயிரிழைப் பள்ளத்தில்தான் தந்தியின் முதுமை குடியேறுகிறது.

தந்தியை மீட்டினால் ஒரே ஒரு ஸ்வரம் கேட்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் கீழே ஓர் ஆதார ஒலியும், அதன் மேல் படிப்படியாகப் பல நுண்ணொலிகளும் சேர்ந்தே வருகின்றன. புதுத் தந்தியில் அந்த மேல்படிகள் எல்லாம் புளி போட்டுத் தேய்த்த செம்பு மாதிரி பளபளக்கும். வாசிக்க வாசிக்க விரலின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தோல் துகளும் பள்ளங்களில் இறங்குகின்றன. வியர்வையின் உப்பு உலோகத்தை அரிக்கிறது. மெட்டின்மேல் அழுந்தி அழுந்தித் தந்தியில் தழும்பு விழுகிறது. சுற்றுக்கள் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வைத் தின்னத் தொடங்குகின்றன. முதலில் பலியாகிறவை மேலே இருக்கும் நுண்ணொலிகள்தான். ஆதார ஒலி அசையாமல் நிற்கிறது. விரலுக்கும் வித்தியாசம் தெரியும். முதலில் அரம்போல் சொரசொரத்து, விரல் நகரும்போது கிறீச்சிட்டது, நாளடைவில் வழவழத்து அடங்கிவிடுகிறது.

கையில் காசில்லாதவர்கள் பழைய தந்தியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவிடுவது உண்டு. பிசுக்கு கரைந்து பளபளப்புத் திரும்பும். ஆனால் அது சில நாள் வாழ்வுதான். அரித்த இடமும் விழுந்த தழும்பும் கொதித்தால் ஆறிவிடுமா? கனம் ஓரிடத்தில் ஏறி ஓரிடத்தில் குறைந்துவிட்ட தந்தி, மேல் மெட்டுக்களில் சுருதி பிசகும். அப்புறம் எந்த வைத்தியமும் பலிக்காது. முதுமையெல்லாம் அழகு என்று நான் வாதிக்க வரவில்லை.

1960-களில் இங்கிலாந்தில் ஜான் என்ட்விசில் என்ற இளைஞருக்கு அந்தப் பளபளப்புத்தான் உயிராக இருந்தது. 1965-ல் ஒரு பாட்டைப் பதிவு செய்கிறபோது அவர் வாத்தியத்தின் மெல்லிய தந்தி அறுந்ததாம். அந்தத் தந்தி கடையில் தனியாகக் கிடைக்கவில்லை. தந்திக்காகப் புது வாத்தியமே வாங்கினேன் என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். 1966-ல் அவர் ரோட்டோசவுண்ட் கம்பெனியாருடன் கூடி, உருண்டைக் கம்பி சுற்றிய புதுவிதத் தந்தியை உண்டாக்கினார். பியானோபோல் கணீரென்று ஒலிக்கும் தந்தி அது. அதுவரை பேஸ் கிதாரில் பெரும்பாலும் தட்டை நாடா சுற்றிய வழவழப்பான தந்திதான் வழக்கம். உருண்டைச் சுற்று சீக்கிரம் பிரகாசித்துச் சீக்கிரம் மங்கும். தட்டைச் சுற்று தொடக்கத்திலேயே அடக்கமானது. வருஷக்கணக்காக அப்படியே நிற்கும்.

ஜேமர்ஸனுடையது தட்டைச் சுற்று. லா பெல்லா என்ற பெயருள்ள கனத்த தந்திகள். அவற்றில் பெரியது 0.110 அங்குலத் தடிமன். 1962-ம் வருஷத்து ஃபெண்டர் வாத்தியத்தில் அவற்றைக் கட்டி, மெட்டுக்கு மேலே வெகு உயரத்தில் நிற்கும்படி வைத்திருந்தார். மற்றவர்கள் அழுத்திப் பார்த்தால் விரல் நோகும். அவரோ வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே அத்தனையும் வாசித்தார்.

வாசித்த இடம் டெட்ராயிட் நகரில், மேற்கு கிராண்டு சாலையில் இருந்த ஒரு வீடு. மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனி அங்கேதான் பதிவு செய்தது. அந்தப் பதிவு அறைக்கு வாத்தியக்காரர்கள் வைத்த பெயர் 'பாம்புக் குழி'. அந்தச் சிறிய இடத்தில் டிரம், பியானோ, கிதார்கள், கஞ்சிராபோல் ஜல்ஜலிக்கும் டாம்புரின் எல்லாம் சேர்ந்து முழங்கும். இவற்றோடு ஊதுகுழல்களும், பாடுகிறவரின் குரலும் ஒரே தட்டில் சேர வேண்டும். மேல்தளம் முழுவதும் ஜனநெருக்கடி. அங்கே இன்னொரு பளபளப்பு வந்தால் சண்டைதான். மேல்படிகளை இழந்த பழைய தந்தி யாருக்கும் இடைஞ்சல் செய்யாமல் அடித்தளத்தை முழுவதும் தனதாக்கிக்கொண்டது. அழுக்கின் ரகசியம் இதுதான் என்பது என் எண்ணம். 'மை கேர்ள்' என்ற 1964-ம் வருஷப் பாட்டின் ஆரம்பத்தைக் கேளுங்கள். முதலில் வருவது அந்தத் தந்திதான். குரலோ மற்ற வாத்தியங்களோ வருவதற்கு முன்பே நம் கால் தாளம் போட ஆரம்பித்துவிடுகிறது.

அந்தக் காலை ஆட்டியவர் யார் என்று மட்டும் வெகு காலம் யாருக்கும் தெரியாது. இசைத்தட்டின் அட்டையில் பாடகர் பெயர் இருக்கும். வாத்தியக்காரர் பெயர் இராது. 1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வெளிவந்தபோதுதான் ஜேமர்ஸனின் பெயர் அட்டையில் ஏறியது. மறு வருஷமே கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. அவரும் பின்னால் போனார். அங்கே காலம் மாறிக்கொண்டிருந்தது. கணீரென்ற புதுத் தந்திக்கே மவுசு. வேலை குறைந்தது, குடி கூடியது. 1983 ஆகஸ்டு 2-ந் தேதி, நாற்பத்தேழாவது வயதில் அவர் காலமானார். 2000-ம் வருஷத்தில் கிளீவ்லாந்து மாளிகையில் பெரிய பெயர்களின் வரிசையில் அவர் பெயரையும் சேர்த்தார்கள்.

இறப்பதற்குச் சில தினங்களுக்கு முன்னால் அந்த 1962-ம் வருஷத்து வாத்தியம் திருட்டுப் போயிற்று. அவர் கைக்கு அது திரும்பவில்லை. எடுத்துப் போனவன் அதை யாரிடமோ விற்றிருப்பான். வாங்கினவர் நல்ல மனுஷராகவே இருக்கட்டும். பிசுக்கேறிக் கறுத்துப்போன அந்த நான்கு தந்திகளையும் பார்த்து முகம் சுளித்து, அவற்றைக் கழற்றிக் குப்பையில் போட்டு, வாத்தியத்தைத் துடைத்துப் புதுத் தந்தி கட்டியிருப்பார்.