நிழலைத் திருத்திய கணக்கு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பரிசோதனை நிலையங்களின் வாயில்களிலே, பெரிய உறைகளை மார்போடு அணைத்து நிற்கும் மக்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். நகையை அடகு வைத்து எடுத்த ஸ்கான் படமாகவும் அது இருக்கலாம். “மெஷின் சொல்லிவிட்டது” என்ற ஒரு வார்த்தையில் நம்மவர் அடங்கிவிடுகின்றனர். மெஷின் தானாக எதையும் சொல்வதில்லை. கணக்குச் சொல்கிறது, கணக்கை இயற்றியவர் மனிதர். அம்மனிதருள் இருவர் பாக்கு நீரிணைக்கு அப்பால் வாழ்ந்த நம் அயலவர் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

1895இல் ரொண்ட்கன் கண்ட எக்ஸ் கதிர் தந்தது நிழலையே. எலும்பும் தசையும் ஒன்றன்மேலொன்றாய் விழுந்த நிழல் அது. பல திசைகளிலிருந்து நிழல்களை எடுத்து, அவற்றிலிருந்து உள்ளுருவை மீட்க முடியுமா? முடியும் என்பதை ஒஸ்திரிய கணித அறிஞர் ராடன் 1917இலேயே நிறுவினார். அவர் எழுதியது ஜெர்மன் மொழியில். 1956இல் சூரியனை ஆராய்ந்த ஒஸ்திரேலியர் பிரேஸ்வெல் இதே வினாவைத் தாமாகத் தீர்த்தார். 1957–58இல் கீவ் நகர விஞ்ஞானிகள் தீர்த்து ருஷ்ய மொழியில் எழுதினர். தென்னாபிரிக்காவிற் பிறந்த கோர்மக் 1963இல் மீண்டும் தீர்த்தார். ராடன் என்றொருவர் தமக்கு முன்பே வழி கண்டதை அவர் அறிந்தது பல ஆண்டுகளுக்குப் பின்னரே. மொழிச் சுவர்களும் துறைச் சுவர்களும் மனித உழைப்பை எவ்வளவு விரயமாக்குகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

விடை தெரிந்தும் வேலை எளிதாகவில்லை. ஒவ்வொரு நிழலையும் அது வந்த வழியே திருப்பிப் பூசினால் உருவம் தோன்றும். ஆனால் ஈரத்தாளில் விழுந்த மைத்துளிபோற் கசிந்து மங்கித் தோன்றும். பூசுமுன் நிழலை வடிகட்டியாக வேண்டும். அதற்குரிய பூரியர் மாற்றக் கணக்கோ அக்காலக் கணினிகளுக்குப் பெருஞ்சுமை.

இங்கேதான் ஜி. என். ராமச்சந்திரன் வருகிறார். 1922இல் எர்ணாகுளத்திற் பிறந்து, சி. வி. ராமனிடம் பயின்று, 1952இல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையின் தலைவரானவர். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பை 1954இல் கோபிநாத் கார்த்தாவுடன் வெளியிட்டவர். பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்திற்குச் சென்றார். ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் அவர் எழுதிய கட்டுரை 1971இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது.

அவர்கள் காட்டிய வழி, பள்ளி மாணவனுக்கும் விளங்கத்தக்கது. நிழலின் ஒரு புள்ளியை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் இருபுறத்து அயற்புள்ளிகள் ஒவ்வொன்றிலும் 0.405 பங்கைக் கழிக்க வேண்டும். அடுத்ததை விட்டு, மூன்றாவதில் 0.045 பங்கைக் கழிக்க வேண்டும். இவ்வாறே ஒற்றைப்படைத் தூரங்களில் மட்டும், தூரத்தின் வர்க்கத்திற்கேற்பப் பங்கு குறைந்துகொண்டே போகும். கழிக்கும் பங்குகள் அனைத்தையும் கூட்டினால் 1 வரும். பெருக்கலும் கழித்தலும் போதும், கசிவு நீங்கிவிடும்.

அதே 1971 ஒக்டோபரில் இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டின் பொறி முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. 80க்கு 80 புள்ளிகள் கொண்ட அப்படம், சமன்பாடுகளைத் திரும்பத் திரும்பத் தீர்த்து அமைக்கப்பட்டது. சில ஆண்டுகளுள் ஸ்கான் பொறிகள் வடிகட்டிப் பூசும் வழிக்கே மாறின. 1979இல் நோபெல் பரிசு ஹவுன்ஸ்பீல்டுக்கும் கோர்மக்கிற்கும் கிடைத்தது. ராமச்சந்திரன் 2001இற் காலமானார். விஞ்ஞானப் பட மென்பொருள்களில் ‘ராம்-லாக்’ என்னும் வடிகட்டியாக இருவர் பெயரும் சுருங்கி வாழ்கின்றன.

இதைக் கேட்டு, “எல்லாம் நம்மவர் கண்டதே” என்று மார்தட்டுவோர் உளர். அது வீண்பெருமை. பல நாட்டார் கைகோத்துக் கட்டிய வீட்டில் ஒரு தூண் நம் அயலில் நாட்டப்பட்டது. அவ்வளவே உண்மை, அதுவே போதிய பெருமை.

இவ்வடிகட்டிக்கும் குறை உண்டு. நுண்விவரத்தைக் கூர்மையாக்கும்போதே இரைச்சலையும் அது பெருக்குகிறது. அதைத் தணிக்க 1974இல் ஷெப், லோகன் என்போர் வேறொரு வடிகட்டி வகுத்தனர். அது இரைச்சலை அடக்கும். ஓரளவு கூர்மையையும் விலையாகக் கேட்கும். எலும்புக்கும் நுரையீரலுக்கும் கூர்மையானது, மூளைக்கு மென்மையானது என, அளந்த தரவு ஒன்றாயிருக்கப் படங்கள் வேறாகின்றன. எதைக் காட்டுவது, எதை அடக்குவது என்பது மனிதத் தீர்ப்பு. இன்று செயற்கை நுண்ணறிவும் இப்பணியில் இறங்கியிருக்கையில், அத்தீர்ப்பு எங்கே, யாரால் செய்யப்படுகிறது என்று கேட்கும் அறிவு மக்களுக்கு முன்னையினும் இன்றியமையாதது.

அவ்வறிவைத் தாய்மொழியிற் கொடுக்க இயலாதென்பார் நம் வரலாற்றை மறந்தவர். மானிப்பாயில் டாக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார், நூல்களும் ஆக்கினார். இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. அவ்வழி தூர்ந்துபோக விடலாகாது. ராமச்சந்திரனின் கழித்தற் கணக்கு நம் உயர்தர வகுப்புக்களில் தமிழில் விளக்கப்பட வேண்டும். ஸ்கான் அறிக்கையின் சாரம், காசு கொடுத்த நோயாளிக்கு விளங்கும் மொழியில் எழுதித் தரப்பட வேண்டும். இவ்விரண்டும் கேட்டுப் பெறவேண்டிய உரிமைகள். கேட்கும் கடமை நம்முடையது.