காட்டுக்குள்ள போறீங்களா? விஷப்பாம்பிடம் சிக்காமல் இருக்க என்ன செய்யணும்... கடிச்சுட்டா முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்யணும்?

முயல் வேட்டைக்குப் போகிறவரின் கையில் டார்ச் இருக்கும். ஆனால் வெளிச்சம் முழுக்க தூரத்துப் புதரில் இருக்கும். கால் எங்கே விழுதுன்னு அவர் பார்க்கவே மாட்டார். கண்ணாடி விரியன் படுத்திருப்பது அந்தக் காலடியில்தான்.

வேடசந்தூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது புதுசு இல்லை. குடகனாற்றங்கரை, குளங்களை அடைச்சு நிற்கும் சீமைக்கருவேலம், அய்யலூர் மலையடிவாரம் என எங்கே போனாலும் காலுக்குக் கீழே சருகு, கல், முள்தான். நம்ம ஊரில் 'காட்டுக்குப் போறேன்'னு சொன்னா பாதி நேரம் மானாவாரி நிலத்துக்குப் போறதைத்தான் சொல்றோம். அதனால் இந்த ஆபத்து வேட்டைக்காரருக்கு மட்டும் இல்லை. ஆடு மேய்க்கிறவங்க, விறகு பொறுக்குறவங்க, கடலை பிடுங்குறவங்க, மில்லில் நைட் ஷிப்ட் முடிஞ்சு ஒத்தையடிப் பாதையில் வீடு திரும்புறவங்கன்னு எல்லாருக்கும் உண்டு.

பாம்பிடம் சிக்காமல் இருப்பது எப்படி, சிக்கிட்டா உயிர் பிழைப்பது எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

வேட்டைக்குப் போகலாமா?

கூடாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். துப்பாக்கியால் சுடுவது மட்டும் இல்லை, கண்ணி வைப்பது, வலை விரிப்பது, பிடிப்பது எல்லாமே வேட்டைதான்.

வேடசந்தூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம். 2022 அக்டோபரில் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. கரூர் மாவட்டத்தின் கடவூர் வட்டத்தோடு, திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களிலும் இருக்கும் 11,806 ஹெக்டேர் காடு இதில் வருகிறது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் தண்டனை இன்னும் கடுமை. 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை.

ஆனால் ஒன்று. யாராவது போய், அங்கே பாம்பு கடிச்சுட்டா, 'வேட்டைக்குப் போனது தெரிஞ்சிடுமே'ன்னு பயந்து விடியும் வரை மறைச்சு வைக்காதீங்க. டாக்டருக்குத் தேவையானது எதுக்காகப் போனீங்க என்பது இல்லை, எத்தனை மணிக்குக் கடிச்சது என்பதுதான். வழக்கைச் சந்திக்கலாம். போன உயிர் திரும்பாது.

இது அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆமாம். 2000-ல் இருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்கு சராசரியாக 58 ஆயிரம் பேர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பாம்புக்கடியை 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' பட்டியலில் சேர்த்தது. தமிழக அரசு 2024 நவம்பரில், 1939-ம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ், பாம்புக்கடியை கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அதாவது, பாம்புக்கடின்னு யார் வந்தாலும், அரசு மருத்துவமனையோ தனியாரோ, அதை அரசுக்குத் தெரிவிக்கணும். எந்த ஊரில் எத்தனை பேருக்குக் கடி என்பது தெரிந்தால்தான் அங்கே மருந்தைத் தயாராக வைக்க முடியும்.

எந்தெந்தப் பாம்பிடம் உஷாரா இருக்கணும்?

நம்மைச் சுற்றி இருக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. இந்தியாவில் அதிக உயிர்களை எடுப்பவை நான்கு.

நல்ல பாம்பு: படம் எடுக்கும். எலி எங்கே இருக்கோ அங்கே வரும். வயல், வைக்கோல் போர், சோளத்தட்டை அடுக்கு, வீட்டுக் கொல்லை எதுவும் விதிவிலக்கு இல்லை.

கண்ணாடி விரியன்: பருத்த உடம்பு, பழுப்பு நிறம், முதுகில் சங்கிலி கோர்த்த மாதிரி வட்டங்கள். ஆள் வந்தாலும் சட்டென்று விலகிப் போகாது. சருகோடு சருகாகக் கிடக்கும். குக்கர் ஆவி விடுவது போல பலமாகச் சீறும். மலைப்பாம்புக் குட்டின்னு நினைச்சு இதைக் கையில் எடுத்து கடி வாங்குறவங்களும் உண்டு.

சுருட்டை விரியன்: சிறிய பாம்பு. வறண்ட, கல் நிறைந்த நிலம் இதற்குப் பிடித்த இடம். உடம்பைச் சுருட்டி, செதில்களை உரசி 'சரசர'ன்னு சத்தம் எழுப்பும். கல்லைப் புரட்டும்போது கையில் கடிக்கும்.

கட்டுவிரியன்: பளபளக்கும் கருப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். ராத்திரியில்தான் நடமாட்டம். தரையில் பாய் விரிச்சுத் தூங்குறவங்களைக் கடிக்கும். வலி இருக்காது, பல் பதிந்த தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, அப்புறம் கண் இமை தொங்கும், மூச்சு திணறும். தோட்டத்தில் காவல் படுக்கிறவங்க கட்டிலில் படுங்க. கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கோங்க.

காட்டில் நடக்கும்போது என்ன செய்யணும்?

பாம்புக்கு வெளிக்காது கிடையாது. ஆனால் தரை அதிர்வை நன்றாக உணரும். அதற்கு விலகிப் போக நேரம் கொடுப்பதும், நம்ம காலையும் கையையும் பார்த்து வைப்பதும்தான் பாதுகாப்பு.

- முழங்கால் வரை வரும் கம் பூட்ஸ் போடுங்க. கடி அதிகம் விழுவது பாதத்திலும் கணுக்காலிலும்தான். பூட்ஸ் இல்லைன்னா கனமான ஷூவும் முழு பேன்ட்டும்.
- கையில் நீளமான கம்பு இருக்கட்டும். புல், சருகு, புதரைத் தட்டிவிட்டு அப்புறம் கால் வைங்க.
- டார்ச் வெளிச்சம் உங்க காலுக்கு முன்னால் விழணும். செல்போன் டார்ச்சை மட்டும் நம்பிப் போகாதீங்க. சார்ஜ் போச்சுன்னா வெளிச்சமும் போச்சு, போனும் போச்சு.
- விழுந்து கிடக்கும் மரத்தை ஒரே எட்டாகத் தாண்டாதீங்க. முதலில் அதன் மேல் ஏறி, அந்தப் பக்கம் பார்த்துட்டு இறங்குங்க.
- எலி வளை, கரையான் புற்று, பாறை இடுக்கு எதிலும் கை விடாதீங்க.
- விறகை, கல்லை கம்பால் புரட்டிப் பார்த்துட்டு எடுங்க.
- பாம்பைப் பார்த்துட்டா அப்படியே நின்று, மெதுவாகப் பின்னால் நகருங்க. கல்லால் அடிக்க நெருங்கினால்தான் ஆபத்து.
- தனியாகப் போகாதீங்க. எங்கே போறீங்கன்னு வீட்டில் சொல்லிட்டுப் போங்க.

இருளர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது

பாம்பைத் தேடிப் போய்ப் பிடிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் இருளர்கள். ஒரு காலத்தில் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தார்கள். வன உயிரினச் சட்டம் வந்து, பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்த பிறகு, 1978-ல் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. இப்போது அனுமதி பெற்று இந்த நான்கு வகைப் பாம்புகளையும் பிடித்து, சில வாரங்கள் வைத்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

அவர்கள் பாம்பைத் தேடும் முறையைப் பாருங்க. அவசரம் கிடையாது. மண்ணில் பதிந்த தடம், உரிந்து கிடக்கும் சட்டை, வளையின் வாய் என ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த அடி. பரம்பரையாகப் பாம்பு பிடிக்கிறவங்களே கீழே பார்த்து நடக்கும்போது, நாம் பார்க்காமல் நடக்கலாமா?

கடிச்சுட்டா உடனே என்ன செய்யணும்?

1. பாம்பை விட்டு விலகி உட்காருங்க. துரத்தாதீங்க, பிடிக்காதீங்க. செத்த பாம்பின் தலைகூட கடிக்கும். பாதுகாப்பான தூரத்தில் இருந்து முடிந்தால் போட்டோ எடுங்க. இல்லைன்னாலும் பரவாயில்லை, அறிகுறியை வைத்தே சிகிச்சை தருவார்கள்.
2. கடித்த நேரத்தைக் குறிச்சுக்கோங்க.
3. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, அரைஞாண் கயிறு, வாட்ச், செருப்பைக் கழற்றுங்க. வீக்கம் வந்தால் இவை சதையை இறுக்கும்.
4. கடித்த கையையோ காலையோ அசைக்காதீங்க. எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல, குச்சி வைத்து இறுக்காமல் துணியால் கட்டுங்க. தசை அசைந்தால் விஷம் வேகமாகப் பரவும்.
5. நடக்க விடாதீங்க. தூக்கிட்டு வாங்க. 108-க்கு போன் போடுங்க. ஆம்புலன்ஸ் வர தாமதம்னா, பைக்கில் ரெண்டு பேருக்கு நடுவில் உட்கார வைச்சுக் கூட்டிட்டுப் போங்க.
6. வாந்தியோ மயக்கமோ இருந்தால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைங்க.

செய்யவே கூடாதது: கயிறு போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, விஷக்கல் ஒட்டுவது, பச்சிலை கொடுப்பது, மந்திரிப்பது. மந்திரிச்சு ஒருத்தர் பிழைச்சார்னா, கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும். இல்லைன்னா விஷம் உடம்பில் இறங்காத கடியாக இருக்கும். ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால், வழியில் அவிழ்க்காமல் டாக்டர் முன்னிலையில் அவிழ்ப்பது நல்லது.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வாங்க?

விரியன் கடியான்னு தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு. கொஞ்சம் ரத்தத்தை காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். கண் இமை, மூச்சு, பேச்சு இவற்றைப் பார்த்து நரம்பைத் தாக்கும் விஷமா என்று கண்டுபிடிப்பார்கள்.

விஷமுறிவு மருந்து குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளில் இருந்து தயாரிக்கப்படுகிறது. ஒரே மருந்து நான்கு பாம்புகளுக்கும் வேலை செய்யும். 'எதுக்கு இத்தனை பாட்டில்?'னு சிலர் பயப்படுவாங்க. ஒரு குப்பி மருந்து கண்ணாடி விரியனின் 6 மில்லிகிராம் விஷத்தைத்தான் முறிக்கும். ஒரு கடியில் அது சராசரியாக 63 மில்லிகிராம் வரை இறக்கும். அதனால்தான் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி ஏற்றுகிறார்கள். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏன்னா பாம்பு குழந்தைக்குன்னு குறைச்சுக் கடிக்காது.

மருந்து, ரத்தத்தில் சுற்றும் விஷத்தை முறிக்கும். ஏற்கெனவே கெட்டுப்போன சிறுநீரகத்தை, கட்டுவிரியன் விஷம் சிதைத்த நரம்பு முனைகளை அது சரி செய்யாது. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்பது அதனால்தான். அறிகுறி எதுவும் இல்லைன்னாலும் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்கணும். 'நல்லாத்தானே இருக்கேன்'னு வீட்டுக்குக் கிளம்பிடாதீங்க.

அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இலவசம். வேடசந்தூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. செயற்கை சுவாசம், டயாலிசிஸ் தேவைப்பட்டால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

உங்க வீட்டில் ஆடு மேய்க்கவோ, தோட்டத்துக்கு ராத்திரி தண்ணி பாய்ச்சவோ போறவங்க இருந்தா, அவங்ககிட்ட மூணு விஷயம் சொல்லி வைங்க. டார்ச் வெளிச்சம் காலடியில் இருக்கணும். கம்பு கையில் இருக்கணும். கடிச்சா மந்திரிக்கிறவரைத் தேடாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வரணும்.