மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையும் மலையகப் பெண்களும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தோட்டங்களில் மருத்துவம் பெரிதும் உழைப்பைக் காக்கும் பொருட்டே தோன்றியது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தொழிலாளரின் நோய்களைக் கவனிக்கும் பொறுப்பைத் தோட்ட உரிமையாளர்மீது சுமத்தியது. செக்ரோலிற் பெயருள்ளோரும் பிள்ளைபெறும் தாய்மாருமே அக்கவனிப்பின் நடுவில் நின்றனர். பிரட்டுக்களத்தை விட்டு நீங்கிய முதியவள் அதன் ஓரத்திலேயே நின்றாள். மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை எவ்வயதினர்க்கு நன்மை பயக்கும் என்னும் வினாவை இப்பின்னணியில் வைத்து ஆராய்தல் பொருத்தமாகும்.

நோய்க்குறி தோன்றாதவரிடத்து நோயைத் தேடுவதே பரிசோதனையாகும். சுவீடனில் 1977இல் 40 முதல் 74 வயது வரையான பெண்களிடையே மார்பகக் கதிர்ப்பட ஆய்வொன்று தொடங்கியது. 1985இல் வெளிவந்த அதன் முடிவு, இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்ததாகக் காட்டிற்று. பிரித்தானியா 1988இல் 50 வயதிலிருந்து பரிசோதனையைத் தொடங்கியது. ஆயின், 1980இல் கனடாவில் ஆரம்பித்த ஆய்வு, நாற்பது வயதினரிடையே மரணம் குறைந்ததாகக் காணவில்லை. இளம்பெண்களின் மார்பகத் திசு அடர்த்தி மிக்கதாதலின் கதிர்ப்படத்திற் கட்டி மறைதல் எளிது. அவ்வயதில் நோயும் அரிதாகையால் பொய்யான எச்சரிக்கைகளே மிகுகின்றன.

முதியோர்க்கும் தீங்கில்லாமலில்லை. 50 வயதான பத்தாயிரம் பெண்களை இருபதாண்டுகள் பரிசோதனைக்கு அழைப்பின் 43 மரணங்கள் தவிர்க்கப்படும் எனவும், வாழ்நாளில் வெளிப்படாதிருக்கக்கூடிய புற்றுநோய் 129 பேரிடம் கண்டறியப்படும் எனவும் 2012இல் பிரித்தானிய அறிஞர் குழுவொன்று கணக்கிட்டது. அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. அமெரிக்க வல்லுநர் குழு 2009இல் ஐம்பதில் தொடங்குமாறு கூறி, 2024இல் அதனை நாற்பதாக மாற்றியது.

நமக்கு அணித்தான சான்று பம்பாயிலிருந்து கிடைக்கின்றது. டாட்டா நினைவு மருத்துவமனையினர் 1998இல் 35 முதல் 64 வயது வரையான ஒன்றரை இலட்சம் பெண்களிடையே ஆய்வொன்றைத் தொடங்கினர். இயந்திரமின்றி, பயிற்சிபெற்ற சுகாதாரப் பணிப்பெண்களின் கைகளாலேயே பரிசோதனை நிகழ்ந்தது. 2021இல் வெளிவந்த முடிவின்படி, ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடையோரிடையே மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் குறைந்தோரிடையே குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை.

இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் 35 வயதைக் கடந்த பெண்களைப் பரிசோதித்து வருகின்றன. அட்டன், நுவரெலியா மலைகளிற் கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தியை மேலதிகச் சோதனைக்குக் கண்டிக்கோ மகரகமைக்கோ அனுப்பின், அன்றைய பேரும் பஸ் கட்டணமும் அவள் கொடுக்கும் விலையாகும். முடிவு வரும்வரை லயத்து வீட்டில் நிலவும் அச்சத்தைக் கணக்கிடுவார் எவருமிலர். 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, மருந்துண்டு குணமடைந்தோர், மலசலகூட வசதியின்மையால் மீண்டும் நோயுற்றனர். நோயைக் கண்டறிதல் மட்டும் போதாது, அதன் பின்வரும் வழியும் செப்பனிடப்படல் வேண்டும் என்பதே அவ்வரலாறு தரும் பாடமாகும்.

ஈண்டு ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. தன் மார்பிற் கட்டியைத் தானே உணர்ந்தவள் எவ்வயதினளாயினும் உடனே மருத்துவரை நாடவேண்டும். மேலே கூறிய நன்மை தீமைக் கணக்கு அவளுக்குரியதன்று.

ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிற் பெறலாமெனச் சட்டம் கூறுகின்றது. பரிசோதனையின் பயன் தெளிவாகத் தொடங்கும் வயதும் அதுவேயாகும். தோட்டக் கணக்கிலிருந்து பெயர் நீங்கும் காலமும் மருத்துவத்தின் கண் அவள்மீது விழவேண்டிய காலமும் ஒன்றாகவே வருகின்றன. ஆதலின் மலையகத்திற் பரிசோதனைக்கு அழைக்கப்பட வேண்டியோர் பட்டியல் செக்ரோலிலிருந்தன்றி லயங்களிலிருந்தே எழுதப்படல் வேண்டும். பிள்ளைகளை வளர்த்து, இன்று பேரப்பிள்ளைகளைப் பார்த்திருக்கும் மூதாட்டியின் பெயரே அப்பட்டியலின் தலைப்பில் இடம்பெறத்தக்கது.