மறந்த கடவுச்சொல்லும் மாற்றுச் சாவியும்

திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் அல்வா வாங்காமல் திரும்புவது அரிது. கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறிய அந்த அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். இதிலிருந்து மீண்டும் கோதுமையைப் பெற முடியுமா? முடியாது. பூட்டிக்கொண்ட கணிப்பொறியை மீட்கும் கதை இந்த விடையில்தான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், தாமிரபரணிக் கரையில் நான் பணிபுரியும் கல்லூரியில் இப்படியொரு சிக்கல் ஏற்பட்டது. மாணவர்களின் அகமதிப்பெண்கள் யாவும் சர்வர் எனப்படும் ஒரே கணிப்பொறியில் இருந்தன. அதன் நிர்வாகியாக இருந்தவர் வேலையை விட்டுச் சென்றுவிட்டார். கடவுச்சொல்லை எவரும் அவரிடம் கேட்டு வைத்திருக்கவில்லை. அவருக்கும் அது நினைவில்லை. மதிப்பெண்களை அனுப்ப இரண்டே நாட்கள் இருந்தன. "கடவுச்சொல் கணிப்பொறிக்குள்தானே இருக்கிறது? எடுத்துப் பார்த்தால் என்ன?" என்று கேட்டார் முதல்வர். நியாயமான கேள்வி. இதற்கு விடை காண நாம் 1961-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறையைப் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவர் குழுவினரும் செய்து காட்டினர். ஒருவருடைய கோப்பை மற்றவர் பார்க்காதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் தரப்பட்டது. அச்சொற்கள் எழுதியபடியே ஒரு கோப்பில் கிடந்தன. விளைவு என்ன? 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்குக் கூடுதல் கணிப்பொறி நேரம் வேண்டி, அக்கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார்! சில ஆண்டுகள் கழித்து இரண்டு கோப்புகள் தவறுதலாக இடம் மாறிவிட, அன்றைய அறிவிப்பு தோன்ற வேண்டிய இடத்தில் அனைவருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன.

எழுதி வைத்தால் ஆபத்து. எழுதாவிட்டால் சரிபார்ப்பது எப்படி? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீதாம் 1960-களில் இதற்கு வழி கண்டார். அதுதான் அல்வா முறை. கடவுச்சொல்லை ஒரு கணக்கில் இட்டுக் கிளறி, வரும் விடையை மட்டும் வைத்துக்கொள்வது. அடுத்த முறை தட்டும் சொல்லையும் அவ்வாறே கிளறி, இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்தால் போதும். விடையிலிருந்து சொல்லுக்குத் திரும்ப நேர்வழி இல்லை.

பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ் முறையில் இக்கருத்து மேலும் வளர்ந்தது. ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979-இல் வெளியிட்ட கட்டுரையில், தாங்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831 எளிதில் ஊகிக்கத் தக்கவை என்று காட்டினர். எனவே ஒவ்வொரு சொல்லுடனும் 'உப்பு' என்ற பெயரில் ஓர் எண்ணைக் கலந்து கிளறினர். ஒரே சொல்லுக்கு 4,096 வெவ்வேறு விடைகள் கிடைத்தன. திருடனின் வேலை பன்மடங்காயிற்று.

ஆகவே முதல்வரின் கேள்விக்கு விடை: உள்ளே இருப்பது கடவுச்சொல் அல்ல, அதன் அல்வா மட்டுமே. பழைய சொல்லை எடுக்க முடியாது, புதியதை வைக்கலாம். எங்கள் சர்வரை நிறுத்தினோம். வேறொரு வட்டிலிருந்து அதை இயக்கினோம். அப்போது பழைய வட்டு வெறும் பெட்டகமாகிவிடுகிறது. காவல் காக்க அதன் மென்பொருள் விழித்திருக்கவில்லை. நிர்வாகிக்குரிய இடத்தில் புதிய விடையை எழுதினோம். அரை மணியில் வேலை முடிந்தது.

எல்லோரும் மகிழ்ந்தார்கள். எனக்கு மட்டும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. நாங்கள் செய்ததை அந்த அறைக்குள் நுழையும் எவரும் செய்யலாமே! மீட்கும் வழியும் திருடும் வழியும் ஒன்றுதான். அவ்வறையின் கதவுக்கோ சாதாரணத் தாழ்ப்பாள்தான் இருந்தது.

வழியை முற்றிலும் அடைத்துவிட்டால்? அதற்கும் ஒரு பாடம் உண்டு. 2008 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ நகராட்சியின் வலையமைப்புக் கடவுச்சொற்களை ஒரே ஒரு பொறியாளர் வைத்திருந்தார்; மேலதிகாரிகளுக்குத் தர மறுத்தார். மின்சாரத்தை நிறுத்தி மீட்கலாமென்றால், சில கருவிகளின் அமைப்புகளே அழிந்துபோகும்படி அவர் செய்திருந்தார். இறுதியில் நகர மேயரே சிறைக்குச் சென்று அவரிடமிருந்து சொற்களைப் பெற்றார். வட்டு முழுவதையும் மறைக்குறியாக்கம் செய்யும் இக்காலத்தில், அதன் சாவி தொலைந்தால் கையிலிருப்பது வெறும் இரும்புத் துண்டே.

நம் மாவட்டத்துக் கூடங்குளத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பிலிருந்த ஒரு கணிப்பொறியில் தீய நிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. அந்த வலையமைப்பு இணையத்துடன் இணைந்தது; முக்கியமான உள் வலையமைப்போ அதிலிருந்து தனித்து வைக்கப்பட்டது என்றும் தெரிவித்தது. தொடர்பே இல்லாத இடைவெளியும் ஒரு பூட்டுதான்.

கோயில் நகைப் பெட்டகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் வைத்து, ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஒருவர் தனியே திறக்கவும் முடியாது. ஒருவர் இல்லாமற் போனால் நிர்வாகம் நின்றுவிடவும் கூடாது. உங்கள் பள்ளியிலோ அலுவலகத்திலோ ஒரு சர்வர் இருக்குமானால், நாளையே இரண்டு கேள்விகள் கேளுங்கள். மாற்றுச் சாவி முத்திரையிட்ட உறையில் எங்கே இருக்கிறது? அந்த அறைக்கதவின் பூட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது? எங்கள் கல்லூரியில் இப்போது இரண்டுக்கும் விடை உண்டு.