நூறாண்டு காத்திருந்த பாக்டீரியா

நெதர்லாந்தின் தெற்கே, பெல்ஜிய எல்லையை ஒட்டிய கெம்பன் பகுதியில் 1892இல் டோர் சகோதரர்கள் துத்தநாக உருக்காலை ஒன்றை நிறுவினார்கள். விளைச்சலற்ற மணல்காடு மலிவாகக் கிடைத்தது. தாதுவும் நிலக்கரியும் வந்துசேரக் கால்வாயும் ரயில் பாதையும் அருகில் இருந்தன. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கு பூடல்-டோர்பிளெய்ன் என்று அவர்கள் பெயரே நிலைத்தது. தாதுவை நிலக்கரியோடு சேர்த்துச் சுடுமண் கலங்களில் சூடேற்றி, ஆவியாகும் உலோகத்தைக் குளிரவைத்துப் பிடிப்பதே அன்றைய முறை. தப்பிய புகையிலிருந்து துத்தநாகமும் காட்மியமும் வயல்களில் படிந்தன. எஞ்சிய சாம்பல் பாதைகளையும் முற்றங்களையும் கெட்டிப்படுத்தப் பயன்பட்டது. 1973இல் ஆலை மின்பகுப்பு முறைக்கு மாறியபின் அந்தப் புகை ஓய்ந்தது. ஆனால் மணலுக்குள் இறங்கிவிட்ட துத்தநாகமும் சல்பேட்டும் நிலத்தடி நீரில் பரவிக்கொண்டே இருந்தன.

1992இல் அங்கே ஒரு புதிய ஏற்பாடு இயங்கத் தொடங்கியது. மாசு பரவாமல் தடுக்க நிலத்தடி நீரைக் கிணறுகள் வழியே இறைத்து, காற்றுப் புகாத பெரிய தொட்டிக்குள் செலுத்தினார்கள். ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் அதற்குள் இருந்தன. அவற்றுக்கு இரை எத்தனால். சல்பேட்டை அவை சல்பைடாக்க, அது கரைந்திருந்த துத்தநாகத்தோடு கூடி, துத்தநாக சல்பைடு என்ற கனிமமாக அடியில் படிந்தது. லிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம் இருந்த துத்தநாகம் ஒரு மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது. சுண்ணாம்பு போட்டுச் சுத்திகரித்திருந்தால், யாருக்கும் பயன்படாத சேறு மலையாகக் குவிந்திருக்கும். இங்கே கிடைத்ததோ, சுரங்கத்திலிருந்து வரும் தாதுவில் இருக்கும் அதே சேர்மம். அது மீண்டும் ஆலையின் உலைக்கே போய் உலோகமானது.

இதை அறிவியலின் வெற்றியாக மட்டும் சொல்வது பாதி உண்மைதான். இந்த வகை பாக்டீரியாவை டெல்ஃப்ட் நகரில் நுண்ணுயிரியலாளர் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க் பிரித்தெடுத்தது 1895இல். ஆலை தொடங்கி மூன்றே ஆண்டுகளில், அதே நாட்டில். 1934இல் டச்சு ஆய்வாளர்கள் மண்ணில் புதைத்த இரும்புக் குழாய்களை அரிப்பதில் இவற்றுக்குள்ள பங்கை விளக்கினார்கள். குழாயைக் காக்க ஆராய்ந்தவர்கள், மண்ணைக் காக்க இவற்றை நாடவில்லை. காரணம் அறியாமை அல்ல. மண்ணைக் கெடுத்ததற்கு யாரும் பதில் சொல்லவேண்டியிருக்கவில்லை என்பதே. 1980இல் லெக்கர்கெர்க் என்ற ஊரில் வீடுகளுக்கு அடியில் இரசாயனப் பீப்பாய்கள் புதைந்திருப்பது தெரிந்து, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. நாடே அதிர்ந்தது. 1983இல் மண் சீரமைப்புக்கான இடைக்காலச் சட்டமும், 1987இல் மண் பாதுகாப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தன. அதன்பிறகே பழைய மாசுக்கும் ஒரு விலை பிறந்தது.

பாக்டீரியாவை அறிந்தால் போதுமா, அதைப் பெரிய அளவில் இயக்கும் தொட்டி வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அத்தகைய தொட்டியை வாகெனிங்கன் நகரில் ஆய்வாளர் காட்சே லெட்டிங்கா 1970களில்தான் உருவாக்கினார். ஆனால் அது முதலில் வேரூன்றியது சர்க்கரை ஆலைகளில். 1970ஆம் ஆண்டுச் சட்டம் கழிவுநீருக்குக் கட்டணம் விதித்ததால், சுத்திகரிப்பு அந்த ஆலைகளுக்கு லாபமாகிவிட்டிருந்தது. அங்கேயும் கருவிக்கு வழிதிறந்தது சட்டமே. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: பாக்டீரியா சுத்தம் செய்தது நீரைத்தான், சாம்பல் பாதைகளைத் தோண்டித்தான் அகற்றவேண்டியிருந்தது, வயல் மண்ணின் காட்மியமும் தானாக மறையவில்லை. இது உண்மை. நீரில் கரைந்து வருவதை மட்டுமே அந்தத் தொட்டி பிடிக்கும். ஆனால் இது என் வாதத்தை முறிக்கவில்லை, உறுதியாக்குகிறது. நுண்ணுயிர் எட்டாத இடத்தில் செலவு இன்னும் கூடுகிறது. அதை யார் ஏற்பது என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. உயிரித் தொழில்நுட்பம் மலிவான மீட்பைத் தரும் என்ற நம்பிக்கையில் சட்டத்தைத் தளர்த்துவது, பூடல் கற்றுத்தந்ததைத் தலைகீழாகப் படிப்பதாகும். கெடுத்தவர் சீர்செய்தே தீரவேண்டும் என்ற நிலை 1895இலேயே இருந்திருந்தால், இந்த பாக்டீரியாவுக்கு வேலை கொடுக்க ஒரு நூற்றாண்டு ஆகியிருக்காது.