விடைக்குக் காத்திருக்கும் கதை

கையடக்கக் கருவிகளில் ஆடும் புதிர்க்கதை விளையாட்டுகள் ஏன் இவ்வளவு பேரை ஈர்க்கின்றன என்று கேட்டால், 'மூளைக்குப் பயிற்சி' என்ற பதிலே முதலில் வருகிறது. ஜப்பானின் லெவல்-5 நிறுவனம் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்காக 2007-இல் வெளியிட்ட முதல் 'பேராசிரியர் லேட்டன்' விளையாட்டுக்கும் இதையே சொல்கிறார்கள். அதன் புதிர்களுக்குப் பொறுப்பாயிருந்தவர் உளவியல் பேராசிரியர் அகிரா தாகோ. ஆனால் அவருடைய புதிர் நூல்கள் 1966 முதலே அங்கே அமோகமாக விற்றுவந்தன. பயிற்சி மட்டும் போதுமென்றால் அந்த நூல்களே போதும். விளையாட்டில் புதிதாகச் சேர்ந்தது கேட்கும் ஆள். ஈர்ப்பின் வேர் அங்கேதான் என்பது என் வாதம்.

அனந்தபுரம், செஞ்சி வட்டாரத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) உரிக்கும் இரவுகளை எண்ணிப் பார்க்கலாம். முறத்தைச் சுற்றிப் பிள்ளைகள். பாட்டி ஒரு விடுகதை போடுகிறாள். கைகள் கடலைத் தோட்டை உடைத்துக்கொண்டே இருக்க, வாய்கள் தப்பும் தவறுமாக விடை சொல்கின்றன. "தோத்துட்டேன்னு சொல்லு, சொல்றேன்" என்கிறாள் பாட்டி. ஒருவரும் சொல்வதில்லை. அந்த விடுகதையை அச்சில் படிப்பவருக்கு இந்த வீம்பு வராது. தொல்காப்பியம் 'பிசி' என்று வகுத்த வடிவம் கேட்பவர், சொல்பவர் என்ற இருவரிடையே உயிர்வாழ்வது.

லேட்டனிலும் அப்படித்தான். ஊருக்குள் யாரிடம் பேசினாலும் பெரும்பாலும் ஒரு புதிர் நீட்டுகிறார். மூன்று ஓநாய்களையும் மூன்று குஞ்சுகளையும் தெப்பத்தில் அக்கரை சேர்க்கும் கணக்கு அதில் உண்டு. நம் புலி, ஆடு, புல்லுக்கட்டின் நெருங்கிய உறவு. புதிர்கள் கதையோடு ஒட்டவில்லை என்ற குறையில் நியாயம் இருக்கிறது. இருந்தும் ஆட்டம் தொய்வதில்லை. எதிரே ஒருவர் பதிலுக்கு நிற்கிறார் அல்லவா? தப்பாகச் சொன்னால் அந்தப் புதிரின் மதிப்பு குறைகிறது. குறிப்பு வேண்டுமென்றால் தேடிச் சேர்த்த காசைக் கொடுக்க வேண்டும்.

கதையையும் புதிரையும் பிணைப்பதில் நமக்குப் பழக்கமான மாதிரி விக்கிரமாதித்தன் கதை. அங்கே விடை தெரிந்தும் மௌனம் காத்தால் தலை வெடிக்கும். வாய் திறந்தாலோ வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். சரியான விடை கதையைத் தொடங்கிய இடத்துக்கே திருப்புகிறது. லேட்டனில் அதே சரியான விடை கதையை முன்னே தள்ளுகிறது. திசைகள் எதிரெதிர், விடையின்றிக் கதை நகராது என்பது இரண்டுக்கும் பொது.

இப்படி விடைக்குக் காத்திருக்கும் கதைக்குக் கையடக்கக் கருவி ஏன் அவ்வளவு பொருந்துகிறது? டிஎஸ்-இன் மூடியை மடக்கினால் ஆட்டம் அப்படியே உறங்கும்; திறந்தால் விட்ட இடத்தில் அதே கேள்வி. விழுப்புரம் பேருந்தில் மடக்கி வைத்த புதிர், இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய திரையின் வேக ஆட்டங்களில் ஆட்டத்தை நிறுத்தினால் யோசனையும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. புதிருக்கோ அந்த இடைவெளிதான் வேலை நடக்கும் நேரம். பாட்டியும் விடையை மறுநாள் இரவு வரை ஒத்திவைப்பாள். பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடம் வரை சுமந்துகொண்டு போவார்கள்.