இருபது ரூபாய் விதிக்கு ஒரு விளக்கவுரை

2025 ஜனவரியில் ஒரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் வேகமாகச் சுற்றியது. சிம்மில் இருபது ரூபாய் இருந்தால் போதும், ரீசார்ஜ் செய்யாமலே எண் உயிரோடு இருக்கும் என்றது அது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் இதைப் படித்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் பலர். சில நாளில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், விளக்கம் தந்தது: இது புதிய விதி அல்ல, நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் 2013-லேயே சேர்க்கப்பட்டது.

விதி பழசுதான். ஆனால் அதை முழுசாகப் படித்தவர்கள் குறைவு. கீழே அதன் பகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து உரை எழுதுகிறேன். ‘மூலம்’ என்று கொடுத்திருப்பது ஆங்கில விதியின் பொருள், சொல்லுக்குச் சொல் பெயர்த்தது அன்று.

உரை எழுதுகிறவனுக்கு, யாருக்காக எழுதுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். வடசென்னையிலிருந்து வெளியே போகிறவர்களில் மூன்று வகையாரை மனத்தில் வைத்திருக்கிறேன். மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலும் ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை பழகிவிட்டு, அதே வேலைக்கு இரண்டு மூன்று மாதம் வளைகுடாவுக்குப் போகும் வெல்டர், ஃபிட்டர் ஒரு வகை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஆறு மாதம், ஒன்பது மாதம் கப்பலில் இருக்கும் மாலுமி இன்னொரு வகை. இரண்டு வருட விசாவில் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டு, லீவில் மட்டும் ஊர் திரும்புகிறவர் மூன்றாம் வகை.

மூலம்: 90 நாளுக்குக் குறைந்த காலம் பயன்படுத்தவில்லை என்பதற்காக எந்த ப்ரீபெய்டு இணைப்பையும் துண்டிக்கக் கூடாது.

நாள் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விமானம் ஏறிய நாளிலிருந்து இல்லை, கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து. ஷட்டவுன் வேலைக்குப் போகிறவருக்கு 90 நாள் ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த சட்டை. வேலை இழுத்துக்கொண்டு போய் நான்காவது மாதம் தொட்டால்தான் சிக்கல். மாலுமிக்குப் பாதி வழியில் தீர்ந்துவிடும். இரண்டு வருட விசாக்காரருக்கோ, முதல் சம்பளம் ஊருக்கு வந்து சேர்ந்து கொஞ்ச நாளிலேயே கெடு முடிந்துவிடும்.

மூலம்: பயன்பாடு என்பது உள்வரும் அல்லது வெளிச்செல்லும் அழைப்பு, வெளிச்செல்லும் குறுஞ்செய்தி, டேட்டா, மதிப்புக்கூட்டுச் சேவை, வாடகை செலுத்துதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று.

அழைப்புக்கு ‘உள்வரும் அல்லது வெளிச்செல்லும்’ என்று இரண்டையும் சொன்ன விதி, குறுஞ்செய்திக்கு ‘வெளிச்செல்லும்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறது. பழைய உரைகாரர் பாணியில் சொன்னால், அது உள்வருவதை விலக்குதற்கு. விதி முழுவதிலும் வெளிநாடு போகிறவருக்கு முக்கியமான இடம் இதுதான். ஏனென்றால் அவர் ஊர் எண்ணை வைத்திருப்பதே உள்வரும் குறுஞ்செய்திக்காகத்தான்.

இணையத்தில் கார்டு வழியாகப் பணம் செலுத்த இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்து கட்டாயமாக்கியது. பிறகு வங்கி, ஆதார், வருங்கால வைப்புநிதி என்று எல்லாமே குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி-யில் போய் நின்றன. தினமும் ஓர் ஓடிபி வந்துகொண்டே இருந்தாலும், விதியின் கணக்கில் அந்த சிம் சும்மா கிடக்கிற சிம்தான். ஆகவே மாதத்துக்கு ஒருமுறையாவது அதிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும், அல்லது வரும் அழைப்பை எடுத்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். மிஸ்டு கால் கொடுத்தால் போதும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்துப் பேசாத அழைப்பு கணக்கில் வருமா என்று சோதித்துப் பார்க்க, பத்து வருடப் பழைய எண்ணைப் பணயம் வைக்க வேண்டாம்.

மாலுமியின் நிலை இதைவிடச் சிக்கலானது. நடுக்கடலில் டவர் கிடையாது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் செய்யப்பட்ட திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கப்பலில் இருப்பவர்கள் வீட்டாரோடு தொடர்புகொள்ள, இயன்ற வரையில் இணைய வசதி தர வேண்டும் என்கிறது அது. நல்ல திருத்தம். வைஃபை வந்துவிட்டது, வாட்ஸ்அப்பில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடிகிறது. ஆனால் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி டவர் வழியாக வருவது. கப்பலின் வைஃபை அதைப் பிடித்துத் தராது.

அதனால்தான் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் பல வீடுகளில் பழைய பட்டன் போன் ஒன்று சாமி படத்துக்குப் பக்கத்தில் எப்போதும் சார்ஜில் இருக்கும். அதில் இருப்பது கடலுக்குப் போனவருடைய சிம். ஓடிபி வந்தால் மனைவி அதைப் பார்த்து வாட்ஸ்அப்பில் சொல்வார். ஓடிபி-யை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வங்கி சொல்வது இந்த வீடுகளில் நடைமுறைக்கு ஒத்துவராத உபதேசம். ஆனாலும் மாற்று வழி இருக்கிறது. வீட்டுச் செலவுக்கான பணம் மனைவியின் பெயரில், மனைவியின் எண்ணோடு இணைந்த தனிக் கணக்குக்குப் போய்ச் சேரட்டும். அப்போது ஓடிபி அவருடையது, யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இதில் புதிதாக ஒரு முடிச்சும் விழுந்திருக்கிறது. வாட்ஸ்அப் போன்ற செயலிகள், பதிவு செய்த சிம் அதே போனில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவிட்டது. மோசடிக்காரர்களைப் பிடிக்கப் போட்ட உத்தரவு அது. ஆனால் சிம்மை வீட்டில் வைத்துவிட்டு, அதே எண்ணின் வாட்ஸ்அப்பைக் கப்பலில் வைத்திருக்கும் மாலுமியின் ஏற்பாட்டோடு அது நேராக மோதுகிறது. என் யோசனை, எண்களைப் பிரித்துவிடுவது. வங்கிக்கும் ஆதாருக்கும் ஓர் எண், அது வீட்டில் இருக்கட்டும். பேச்சுக்கு இன்னோர் எண், அது கூடவே வரட்டும். இரண்டு சிம் என்றால் இரண்டு ரீசார்ஜ் என்பது உண்மைதான். ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் இருக்க முடியாது என்பதும் உண்மை.

மூலம்: கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் துண்டிக்கக் கூடாது, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்கலாம்.

90 நாள் முடிந்ததும் 20 ரூபாய் கழியும், 30 நாள் கூடும். மறுபடி 20 இருந்தால் மறுபடி 30. வாட்ஸ்அப்பில் சுற்றிய ‘120 நாள்’ கணக்கு இங்கிருந்து வந்தது. அந்தச் செய்தியை நம்பியவர்கள் இடறியதும் இங்கேதான். விதி காப்பாற்றுவது எண்ணை. அந்த எண்ணில் சேவை நடக்கிறதா என்பது வேறு கேள்வி. அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் என்ன விலை, என்ன கெடு என்பதைப் பெரும்பாலும் நிறுவனங்களின் விருப்பத்துக்கே டிராய் விட்டுவைத்திருக்கிறது.

ஒரு காலத்தில் இந்த வேறுபாடு யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை. ஆயுள்கால சிம் வாங்கி, பத்து ரூபாய் டாப்அப் போட்டு, வருடக்கணக்கில் உள்வரும் அழைப்பை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தோம். 2018 இறுதியில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் 28 நாளுக்குக் குறைந்தது 35 ரூபாய் ரீசார்ஜ் செய்தால்தான் சேவை என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. அன்றோடு அந்தக் காலம் முடிந்தது. இன்று பேக் தீர்ந்தால் முதலில் வெளிச்செல்வது நிற்கும், பிறகு உள்வருவதும் நிற்கும். கணக்கில் 20 ரூபாய் இருக்கும், எண்ணும் உங்கள் பெயரில் இருக்கும், ஓடிபி மட்டும் வராது. ஷார்ஜாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படிப்பட்ட எண்ணால் பெரிய பயனில்லை.

இதற்கு மருந்து அதே டிராய் பிறகு செய்த திருத்தத்தில் இருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த அந்தத் திருத்தம், டேட்டா வேண்டாதவர்களுக்கு அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் அடங்கிய பேக்கை நிறுவனங்கள் விற்றாக வேண்டும் என்றது. அதுவரை 90 நாளாக இருந்த சிறப்புப் பேக்கின் உச்ச கெடுவை 365 நாளாக உயர்த்தியது. முதியவர்களையும் பட்டன் போன்காரர்களையும் நினைத்துச் செய்தது என்றாலும், வெளிநாட்டுக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பேக் கிடையாது. கிளம்புகிற வாரத்தில் ஒன்றைப் போட்டுவிட்டால் ஒரு வருடத்துக்கு ரீசார்ஜ் கவலையில்லை. மாதாமாதம் ஞாபகம் வைத்து ரீசார்ஜ் செய்யத் தம்பியைக் கெஞ்ச வேண்டியதில்லை.

சிம்மைக் கூடவே கொண்டுபோகிறவருக்கு இன்னும் ஒன்று. ரோமிங் இயங்குகிறதா என்று ஊரிலேயே நிறுவனத்தின் செயலியில் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் உள்வரும் குறுஞ்செய்திக்கு வழக்கமாகக் கட்டணம் இல்லை. அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு. டேட்டா ரோமிங்கை விமானத்திலேயே அணைத்துவிடுங்கள்; அது தின்னும் காசுக்குக் கணக்கில்லை. பர்மா பஜாரில் போன் வாங்குகிறவர்கள் இரண்டு சிம் போடுகிற போனாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்றில் ஊர் எண், மற்றொன்றில் போகிற நாட்டு எண்.

மூலம்: துண்டித்த பிறகு அதே எண்ணைத் திரும்பப் பெற 15 நாள் அவகாசம் தர வேண்டும்.

ஊரில் இருப்பவருக்கு இது நல்ல சலுகை. வெளிநாட்டில் இருப்பவர் அவகாசம் தொடங்கியதை எப்படி அறிவார்? எச்சரிக்கை வருவதும் அதே எண்ணுக்குத்தான். யாரும் பார்க்காத போனுக்கு அறிவிப்பு அனுப்பிவிட்டு, அறிவித்துவிட்டோம் என்று நிறுவனம் சொன்னால் விதிப்படி அது சரி. இந்தப் பகுதியை எழுதியவர்கள் தொலைவில் இருப்பவரை நினைத்துப் பார்க்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

15 நாளும் போனபின் எண் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தில் பதில் இருக்கிறது. கைவிட்ட எண் வேறொருவருக்குப் போவதால் வரும் ஆபத்து பற்றிய வழக்கு 2023 நவம்பரில் அங்கே முடிவுக்கு வந்தது. துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாளுக்குப் புதியவருக்குத் தருவதில்லை என்று டிராய் சொன்னதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த இடைவெளிக்குள் வாட்ஸ்அப் கணக்கை நீக்குவதும் தகவல்களை அழிப்பதும் பழைய சந்தாதாரரின் பொறுப்பு என்றது. அதற்கப்புறம் உங்கள் வங்கிச் செய்தியை வேறு யாரோ படிப்பார். எண்ணை விடுவது என்று முடிவு செய்தால், விடுவதற்கு முன்பே வங்கியிலும் ஆதாரிலும் அதை மாற்றிவிட வேண்டும்.

மூலம்: போஸ்ட்பெய்டு சந்தாதாரர் கட்டணம் செலுத்தி எண்ணைப் பாதுகாப்பில் வைக்கலாம்.

பழைய லேண்ட்லைன்காரர்களுக்குத் தெரிந்த வசதிதான். எண் பத்திரமாக இருக்கும், ஆனால் பெட்டியில் பூட்டிய எண்ணுக்கு ஓடிபி வராது. நம் மூவரில் யாருக்கும் இது பெரிதாக உதவாது.

இனி, மூலம் சொல்லாமல் விட்ட இரண்டைச் சொல்லி முடிக்கிறேன்.

வெளிநாட்டு எண்ணையே வைத்துச் சமாளிக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவு முடியும். 2023 ஜனவரியில், யூபிஐ-யை நடத்தும் என்பிசிஐ, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்குகளில் 10 நாட்டு எண்களைக் கொண்டு யூபிஐ பயன்படுத்த வழிசெய்தது. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, கத்தார், ஓமான், சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் உண்டு. நம்மவர் நிறையப் பேர் இருக்கும் குவைத்தும் பஹ்ரைனும் அதில் இல்லை. ஆதாரோ வெளிநாட்டு எண்ணுக்கு ஓடிபி அனுப்புவதில்லை. ஆகையால் ஊர் எண்ணை முழுவதும் விட்டுவிட இப்போதைக்கு வழியில்லை.

இரண்டாவது, சிம் யார் பெயரில் இருக்கிறது என்பது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் குடை போட்டு சிம் விற்றவரிடம் அவசரத்துக்கு வாங்கியது, அண்ணன் பெயரில் எடுத்தது, வேலை பார்த்த கான்ட்ராக்டர் வாங்கிக் கொடுத்தது என்று எத்தனையோ எண்கள் இங்கே ஓடுகின்றன. ஊரில் இருக்கும்வரை தெரியாது. சிம் தொலைந்தாலோ பழுதானாலோ மாற்று சிம் வாங்க, யார் பெயரில் இருக்கிறதோ அவர் அடையாளத்தோடு வந்து நிற்க வேண்டும். மாற்று சிம் கிடைத்தாலும் முதல் 24 மணி நேரம் அதில் குறுஞ்செய்தி வராது. உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நீங்கள் பயன்படுத்தும் எண் அந்தப் பட்டியலில் இல்லை என்றால், டிக்கெட் போடுவதற்கு முன் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.